அரையாண்டு வினாத்தாள் பழையது

“பொம்பளப் பிள்ள வேல பாக்குற கடையாப் பாத்துக் குடுக்கேன். அவுக உள்ள தொறந்து பாக்க மாட்டாக.”

நீங்கள் போனில் சொன்னது காதில் விழுந்துவிட்டது அக்கா. ஒட்டுக்கேட்கவில்லை. பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு காதைப் பொத்திக்கொள்ளவா முடியும்? நான் வலியப் போய் யாரிடமும் பேசுகிறவள் இல்லை. மூன்று வருஷம் கூடப் படித்தும் என் குரல் எப்படி இருக்கும் என்று தெரியாமலே போன பிள்ளைகள் உண்டு. ஆனால் இந்தப் பேச்சு வந்தால் மட்டும் எனக்கு வாய் நிற்காது. ஏனென்றால் நான் அந்த வேலைதான் பார்க்கிறேன். ஜங்ஷனில் கம்ப்யூட்டர், லேப்டாப் பழுது பார்க்கிற கடை. நீங்கள் சொன்ன அந்தப் பொம்பளைப் பிள்ளை நான்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் சொன்னது ரொம்பச் சரி. ஆம்பளைகள் கையில் கொடுக்காதீர்கள். ஏன் என்று சொல்கிறேன். சங்கரன்கோவில்தானே இறங்குகிறீர்கள்? நானும் அங்கேதான். பஸ் இன்னும் மானூருக்கே வரவில்லை.

முதலில் அழுக்கைச் சொல்லிவிடுகிறேன். நான் பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயன்ஸ். காலேஜில் கம்ப்யூட்டர் என்றால் போர்டில் போட்ட நாலு கட்டம், நடுவில் ரெண்டு அம்புக்குறி. அதற்கு ஒரு நாற்றம் உண்டு என்று எந்தப் புத்தகத்திலும் போடவில்லை. வேலைக்குச் சேர்ந்து முதல் மாதம் முழுக்க மொட்டை மாடியில் நின்று பிளோயர் வைத்துத் தூசி ஊதினேன். ரைஸ் மில்லிலிருந்து வந்த சி.பி.யூ.வைத் திறந்தால் தவிடு புட்டு மாதிரி இறுகிக் கிடக்கும். மிட்டாய்க் கடை கீபோர்டில் நெய்ப் பிசுக்கில் எழுத்தே தெரியாது. கவிழ்த்துத் தட்டினால் நகத்துண்டு விழும், விபூதி விழும், முடி விழும். ஒரு வக்கீல் ஆபீஸ் கீபோர்டிலிருந்து ஒரு பல் விழுந்தது. பால் பல். யார் பல், அங்கே எப்படி வந்தது, இன்றுவரை எனக்குத் தெரியாது. பவர் சப்ளைப் பெட்டிக்குள் பல்லி செத்து ஒட்டியிருக்கும். இழுத்தால் கால் மட்டும் தனியாகக் கையோடு வரும்.

நீங்கள் கடலை சாப்பிடுகிறீர்கள். மன்னித்துக்கொள்ளுங்கள்.

அந்த அழுக்கு பரவாயில்லை அக்கா. சோப்புப் போட்டால் போய்விடும். நான் சொல்ல வந்தது பெர்க்மான்ஸ் என்று ஒருத்தனை. எனக்கு முன்பே எட்டு வருஷமாக அங்கே இருந்தவன். முகத்துக்கு நேரே பெர்க்மான்ஸ் அண்ணன் என்பேன். உங்களிடம் என்ன மரியாதை, அவன் என்றே சொல்கிறேன். வேலையில் கெட்டிக்காரன். அதில் பொய் சொல்லக் கூடாது. செத்துப்போன போர்டை எழுப்பி உட்கார வைத்துவிடுவான். ஆனால் போர்டில் ஊசி முனை அளவு சாமான்களைப் பொறுக்க ஒரு சின்ன இடுக்கி வைத்திருப்பான், அதே இடுக்கியால் பல் குத்துவான். குத்திவிட்டுச் சட்டையில் ஒரு துடைப்பு. மறுபடியும் போர்டு. அந்த லேப்டாப்பைத்தான் நீங்கள் மடியில் வைத்துக்கொண்டு பிள்ளைக்குப் பாட்டுப் போட்டுக் காட்டுவீர்கள்.

இன்னொரு பழக்கம், எதை எடுத்தாலும் ஸ்டிக்கர் ஒட்டுவது. சின்ன வெள்ளை ஸ்டிக்கர், கறுப்பு மார்க்கர். யாருடையது, என்ன பழுது, என்றைக்கு வந்தது. கையெழுத்து மட்டும் அச்சடித்த மாதிரி இருக்கும். தன் டிபன் பாக்ஸில்கூட ஒட்டியிருந்தான். நான் சேர்ந்த முதல் நாள் எனக்குக் கொடுத்த ஸ்டூலில் ‘ஆவுடை’ என்று எழுதி ஒட்டி வைத்திருந்தான். நான் அதை நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டேன்.

கடையில் ஒரு வழக்கம் உண்டு. வெளியே சொல்வதில்லை, நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். ஒரு மெஷினைத் துடைத்துப் புதிதாகப் போட வேண்டும் என்றால், அதற்கு முன்னால் உள்ளே இருப்பதை எல்லாம் கடையின் பெரிய டிஸ்க்கில் நகல் எடுப்போம். வேலை முடிந்ததும் திருப்பி ஏற்றிக் கொடுப்போம். ஆனால் கடையில் இருக்கும் நகலை உடனே அழிக்க மாட்டோம். ஒரு மாதம் கிடக்கும். ஏனென்றால் பத்து நாள் கழித்து ஆள் வரும், ‘அண்ணாச்சி, எம் மவ சடங்கு போட்டாவக் காணுமே’ என்று. ஆக எந்த நாள் பார்த்தாலும் ஐம்பது அறுபது குடும்பம் எங்கள் டிஸ்க்கில் குடியிருக்கும்.

நான் சேர்ந்த நாலாவது மாதம், பேட்டையிலிருந்து ஒருத்தர் பழைய பிரிண்டர் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதற்கு டிரைவர் வேண்டும். டிரைவர் என்றால் வண்டி ஓட்டுகிறவர் இல்லை, பிரிண்டரைக் கம்ப்யூட்டருக்கு அறிமுகப்படுத்தி வைக்கிற ஒரு சின்ன புரோகிராம். பெர்க்மான்ஸ் சாப்பிடப் போயிருந்தான். டிஸ்க்கில் ‘டிரைவர்ஸ்’ என்று ஒரு ஃபோல்டர் கிடந்தது. அதற்குள் ‘டிரைவர்ஸ் பழசு’. பழைய பிரிண்டர்தானே என்று திறந்தேன்.

எல்லாம் பெண்கள்.

நீங்கள் நினைக்கிற மாதிரி இல்லை. அசிங்கமான படம் ஒன்றுகூடக் கிடையாது. இருந்திருந்தால் சீ என்று மூடிவிட்டுப் போயிருப்பேன். ஒரு அக்கா ஈரத் தலையைத் துண்டில் சுற்றிக்கொண்டு கேஸ் சிலிண்டர் பக்கத்தில் நிற்கிறாள். ஒரு கல்யாணப் பெண் பந்தியில் வாய் நிறைய அப்பளத்தை வைத்துக்கொண்டு சிரிக்கிறாள். ஒரு நர்ஸ் யூனிபார்மோடு சுவரில் சாய்ந்து தூங்கி வழிகிறாள். எல்லாம் வீட்டு ஆட்கள் வீட்டு ஆட்களுக்காக எடுத்த படங்கள். நானூறு இருக்கும். அதையும் ஊர்வாரியாகப் பிரித்து வைத்திருக்கிறான். மேலப்பாளையம், தாழையூத்து, பேட்டை. ஊறுகாய்ப் பாட்டில் அடுக்குகிற மாதிரி.

அன்றைக்கு என் புளிச்சோற்றை அப்படியே குப்பையில் கொட்டினேன். அவன் கை கழுவிவிட்டு வந்து, “ஏளா ஆவுட, சாப்பிடலியா?” என்கிறான். அந்தக் கண்ணால்தானே என்னையும் பார்க்கிறான் என்று நினைத்தபோது, தோலைக் கழற்றிக் கழுவிப் போட்டுக்கொள்ளலாம் போல இருந்தது.

முதலாளியிடம் சொன்னாயா என்று கேட்பீர்கள். சொல்லவில்லை. கூச்சம். கொம்பையா அண்ணாச்சி நல்லவர்தான், ஆனால் ஒருத்தர் மேல் சந்தேகம் வந்தால் எல்லார் பையையும் வாங்கி மேஜையில் கொட்டிப் பார்ப்பார். ஒருத்தன் செய்த அசிங்கத்துக்கு எல்லாரும் எதற்குப் பையைக் கொட்ட வேண்டும்?

என் பையில் அப்படி ஒன்றும் கிடையாது. டிபன் பாக்ஸ், குடை, ஒரு பென் டிரைவ்.

அதில் என்னவா? அது என் சொந்த ஆசை. கேட்டுவிட்டீர்கள், சொல்கிறேன். எனக்குப் படிக்கப் பிடிக்கும். சின்ன வயதிலிருந்தே. கடலை மடித்த தாளைக்கூடப் பிரித்துப் படித்துவிட்டுத்தான் போடுவேன். நீங்கள் அந்தப் பொட்டலத்தைக் கசக்காமல் என்னிடம் கொடுங்கள்.

ஒரு மெஷினை நகல் எடுக்க ஒரு மணி நேரம், சமயத்தில் இரண்டு மணி நேரம்கூட ஆகும். சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். அப்போது எழுத்தாக ஏதாவது கண்ணில் பட்டால் படிப்பேன். படம் பார்க்க மாட்டேன். சத்தியமாக ஒரு படம் திறந்ததில்லை. தானாகத் திறந்துகொண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். எழுத்து வேறு இல்லையா? எழுத்து என்றால் யாராவது படிக்கட்டும் என்றுதானே எழுதுவது.

எத்தனை இருக்கிறது தெரியுமா அக்கா? ரிட்டயர்டு போஸ்ட் மாஸ்டர் ஒருத்தர் தன் வாழ்க்கையைத் தொண்ணூறு பக்கம் எழுதி வைத்திருந்தார். எண்பது பக்கம் மேலதிகாரிகளைத் திட்டு. கடைசிப் பத்துப் பக்கம் அவர் வளர்த்த நாய். அந்தப் பத்துப் பக்கத்துக்காக எண்பது பக்கத்தையும் மன்னிக்கலாம். ஒரு அம்மா கலெக்டருக்கு எழுதிய மனு, சாக்கடையில் ஆரம்பித்து மருமகளில் போய் முடியும். ஒரு பையன் அவன் அப்பாவுக்கு மன்னிப்புக் கேட்டு எழுதியது. ஏழு தடவை எழுதிப் பார்த்திருக்கிறான். ஏழாவதில் மன்னிப்பு என்ற வார்த்தையே இல்லை. இதையெல்லாம் ஒரு மாதத்தில் அழித்துவிடுவார்கள். மனசு கேட்குமா? நல்லதாக இருந்தால் எனக்கு ஒரு நகல் வைத்துக்கொள்வேன். அவ்வளவுதான்.

சரி, கதைக்கு வருகிறேன். போன கிறிஸ்துமஸ் முடிந்து பள்ளிக்கூடம் திறந்த வாரம், பாளையங்கோட்டையிலிருந்து ஒரு டீச்சர் வந்தார்கள். பெயர் வேண்டாம். பெயர் சொல்வது நாகரிகம் இல்லை. ஐம்பத்தைந்து வயது இருக்கும், கல்யாணம் ஆகாதவர்கள், கெமிஸ்ட்ரி எடுக்கிறவர்கள். லேப்டாப் பாதியில் நின்று நின்று போகிறது என்றார்கள். வாங்கிக் கவிழ்த்துத் தட்டினேன். ஒன்றும் விழவில்லை. ஒரு தூசி, ஒரு முடி, ஒன்றும் இல்லை. அப்படி ஒரு கீபோர்டை நான் அதற்கு முன்னால் பார்த்ததே கிடையாது. பார்த்த உடனே எனக்கு அவர்களைப் பிடித்துவிட்டது.

“நீயே பாரு பிள்ள,” என்றார்கள். “உள்ள வெறும் கொஸ்டின் பேப்பர்தான் இருக்கு. போயிராமப் பாத்துக்கோ.”

கொஸ்டின் பேப்பர்தானே, திறக்கவே வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் ‘அரையாண்டு வினாத்தாள் பழையது’ என்ற ஒரே பெயரில் பதினொரு ஃபைல். ஒன்று கெமிஸ்ட்ரி பாடத்துக்குள், ஒன்று மார்க் லிஸ்ட்டுக்கு நடுவில், ஒன்று மெஷினோடு வருகிற பூப்படங்களுக்குக் கீழே. கீபோர்டை அப்படித் துடைத்து வைத்திருக்கிறவர்கள் வினாத்தாளை இப்படியா சிதறப் போடுவார்கள்? நீங்களே சொல்லுங்கள், யாருக்குமே சந்தேகம் வரும்.

உள்ளே கடிதம். பதினொன்றும் கடிதம். ‘மதிப்பிற்குரிய தவசிமுத்து சாருக்கு’ என்று ஆரம்பிக்கும். அதே பள்ளிக்கூடத்தில் பிசிக்ஸ் எடுத்தவர். பெண்டாட்டி பிள்ளைகள் உள்ளவர். குடும்பத்தை இங்கேயே விட்டுவிட்டுத் தூத்துக்குடிக்கு மாற்றலாகிப் போய்விட்டார். ஒவ்வொரு அரையாண்டு லீவிலும் ஒரு கடிதம். ஒன்றும் அனுப்பவில்லை. காதல் கடிதம் என்றும் சொல்ல முடியாது. ‘லேபில் நீங்கள் கம்பி கட்டி நிறுத்திய குழாய் இன்னும் ஒழுகவில்லை’ என்று இருக்கும். ‘இந்த வருடமும் கேக் வாங்கினேன், பாதிக்கு மேல் தின்ன முடியவில்லை’ என்று இருக்கும். ஒரே ஒரு கடிதத்தில் மட்டும் ஒரு வரி: ‘நீங்கள் போன பிறகு என்னை யாரும் ஹெப்சி என்று கூப்பிடுவதில்லை.’ அதற்கு அப்புறம் மறுபடியும் குழாய்.

எனக்குத் தாங்கவில்லை அக்கா. பாத்ரூமில் போய் நின்று அழுதேன். அந்தப் பக்கம் ஒருத்தன் பல் குத்திக்கொண்டு பொம்பளைப் படம் பொறுக்குகிறான், இந்தப் பக்கம் இப்படி ஒன்று குப்பையோடு குப்பையாகக் கிடக்கிறது. எதற்கும் தேதி இல்லை. பழைய மெஷினிலிருந்து மாற்றியபோது எல்லாம் ஒரே தேதியாகிவிட்டது. குழாய் எப்போது ஒழுகியது, புது ஹெச்.எம். எப்போது வந்தார் என்று வைத்து, எது முந்தி எது பிந்தி என்று நானே கண்டுபிடித்தேன். இரண்டு நாள் ஆயிற்று. ஒரு ஃபோல்டர் போட்டு, ‘கடிதங்கள்’ என்று பெயர் வைத்து, ஒன்றிலிருந்து பதினொன்று வரை நம்பர் கொடுத்தேன். எனக்கு ஒரு நகல்.

தப்பு எங்கே நடந்தது என்றால், திருப்பி ஏற்றும்போது நடந்தது. அடுக்கி வைத்ததைத்தான் ஏற்றினேன். கலைந்து கிடந்ததை ஏற்ற எனக்குக் கை வரவில்லை. அவர்களுக்கும் தேடாமல் எடுக்க வசதியாக இருக்கும் என்று நினைத்தேன்.

லேப்டாப்பை வாங்கிக்கொண்டு போன மூன்றாம் நாள் மத்தியானம் டீச்சர் திரும்பி வந்துவிட்டார்கள். உட்காரவில்லை. லேப்டாப்பை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

“என் மெஷினை யார் பார்த்தது?”

“என்ன டீச்சர், மறுபடியும் மக்கர் பண்ணுதோ?” என்றார் அண்ணாச்சி.

“நல்லா ஓடுது. யார் பார்த்தது?”

“கடையிலதான் பாத்தோம். விசயத்தச் சொல்லுங்க.”

“உள்ள இருந்ததை யாரோ படிச்சிருக்காங்க. படிச்சு, வரிசையா அடுக்கி வச்சிருக்காங்க.”

அண்ணாச்சிக்கு விளங்கவில்லை. “அடுக்கித்தான டீச்சர் வச்சிருக்கு? ஒண்ணும் தொலையலியே?”

“தொலைஞ்சிருந்தா நான் வந்திருக்கவே மாட்டேன். நான் இன்னும் மூணு வருஷம் அந்த ஸ்கூலுக்குப் போகணும். இதுல உள்ள ஆளோட வீட்டுக்காரம்மா எங்க கோயில்ல எனக்கு முன் பெஞ்சுல உக்காருறவங்க. இதுல ஒரு வரி வெளிய போச்சுன்னா, நான் இந்த ஊர்ல இருக்க முடியாது.”

அண்ணாச்சி எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். “யாரு?”

நாலு பேர் முன்னால் பேச எனக்கு வராது என்று சொன்னேனே. பெர்க்மான்ஸ் கையிலிருந்த ஈயம் பத்தவைக்கிற கம்பியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். அப்புறம் என் மேஜையைப் பார்த்தான். என் மெஷினில் பென் டிரைவ் செருகியிருந்தது. அதன் சின்ன விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. அவன் அதையே பார்த்தான். அவன் பார்வை எப்படிப்பட்டது என்று எனக்குத்தான் தெரியுமே. அந்தப் பார்வையைக் கண்டதும் எங்கிருந்தோ ஒரு தைரியம் வந்தது.

“அண்ணாச்சி, பெரிய டிஸ்க்குல டிரைவர்ஸ்னு ஒண்ணு இருக்கு. அதுக்குள்ள டிரைவர்ஸ் பழசு. தொறந்து பாருங்க.”

அண்ணாச்சி திறந்தார். கீழே கீழே தள்ளிக்கொண்டே போனார். ஒரு இடத்தில் அவர் கை நின்றுவிட்டது. அவர் கொழுந்தியாள், கடைத் திறப்பு விழா அன்றைக்குப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிற படம்.

“எட்டு வருசம் சோறு போட்டம்ல,” என்றார். அவ்வளவு மெதுவாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

டீச்சர் அவனிடம் போனார்கள். “நீதான் படிச்சியா?”

“படத்தையெல்லாம் எடுத்து வச்சது நாந்தான் டீச்சர். ஒங்க மெஷினத் தொடல. எழுத்துன்னா எனக்கு ரெண்டு வரிக்கு மேல ஓடாது.”

“பெறவு யாருல படிச்சா? கடையில பேயா இருக்கு?” என்றார் அண்ணாச்சி.

அவன் அதற்குப் பதில் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்து ஏதாவது சொல்லியிருக்கலாம். மனசு அவ்வளவு அழுக்காக இருந்தால் வாய் எப்படித் திறக்கும்? “சாமானை எடுத்துக்கிட்டுப் போயிரு, நாளைக்கு இந்தப் பக்கம் வராத” என்று அண்ணாச்சி சொன்னதும் மேஜையிலிருந்த மார்க்கரை எடுத்துச் சட்டைப் பையில் செருகிக்கொண்டான்.

டீச்சர் கண் முன்னாலேயே கடையில் இருந்த நகலை அண்ணாச்சி அழித்தார். அப்புறம் டீச்சர் என் ஸ்டூலில் உட்கார்ந்து, தன் லேப்டாப்பைத் திறந்து, அந்தப் பதினொன்றையும் அழித்தார்கள். ஃபோல்டரை மொத்தமாக அழிக்கலாம், ஒரு தட்டில் போய்விடும். அவர்கள் அப்படிச் செய்யவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒவ்வொன்றாக. நான் போட்ட வரிசைப்படியே.

“முழுசாப் போயிருச்சான்னு பாரு பிள்ள. உன்னத் தவிர இங்க யாரையும் நான் நம்பல.”

பார்த்தேன். “போயிருச்சு டீச்சர்.”

என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். எவ்வளவு பெரிய நஷ்டம், நல்ல வேளை என்னிடம் ஒரு நகலாவது இருக்கிறதே என்று நான் நினைத்துக்கொண்டேன். இப்போது உலகத்திலேயே அந்தக் கடிதங்கள் என்னிடம் மட்டும்தான். இதோ இந்தப் பைக்குள்தான் இருக்கிறது. ஹெப்சி என்று வருகிற அந்தக் கடிதத்தை நீங்கள் ஒரு தடவை படித்தால் விடமாட்டீர்கள்.

அன்றிலிருந்து ஹெப்சிபா டீச்சர் தெரிந்தவர்கள் எல்லாரையும் எங்கள் கடைக்குத்தான் அனுப்புகிறார்கள். அங்கே பொம்பளைப் பிள்ளை இருக்கிறாள், பயப்படாமல் கொடுக்கலாம் என்று. நீங்கள் போனில் சொன்னதுகூட அப்படிச் சுற்றி வந்த பேச்சாகத்தான் இருக்கும். உங்கள் லேப்டாப்பையும் என்னிடமே கொண்டு வாருங்கள். கடை கார்டு தருகிறேன். ஏன் அக்கா பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டீர்கள்? கீழேயே இருக்கட்டும், என் கால் படாது.

என்ன, தேவர்குளத்திலேயே இறங்குகிறீர்களா? சங்கரன்கோவில் என்றீர்களே. இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கிறது, உட்காருங்கள். அவன் கடைசியாகச் செய்த காரியத்தைக் கேட்டால்தான் அவன் எப்பேர்ப்பட்டவன் என்று உங்களுக்கு விளங்கும்.

டீச்சரை ஆட்டோ ஏற்றிவிட அண்ணாச்சி வெளியே போயிருந்தார். கடையில் நானும் அவனும் மட்டும். அவன் தன் சாமான்களை எல்லாம் பைக்குள் போட்டான். பத்தவைக்கிற கம்பி, இடுக்கி, டிபன் பாக்ஸ். போட்டுவிட்டு நேராக என் மேஜைக்கு வந்தான். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். என் மெஷினிலிருந்து அந்தப் பென் டிரைவை உருவினான். சட்டைப் பையிலிருந்து ஒரு வெள்ளை ஸ்டிக்கரும் மார்க்கரும் எடுத்தான். என் மேஜையிலேயே குனிந்து நின்று, அவசரம் இல்லாமல், அச்சு மாதிரி ‘டிரைவர்ஸ்’ என்று எழுதினான். அதைப் பென் டிரைவில் ஒட்டி, குமிழி வராமல் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்து, என் உள்ளங்கையில் வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனான்.